பீரங்கி முதல் செல்போன் வரை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் வரக் கூடாது என்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. குறித்த நேரத்தில் போலீஸார் சாலையின் குறுக்கே தடுப்பை இழுத்து வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தச் சாலை மனிதர்களுக்கும் காற்றுக்கும் சொந்தமாகிவிடுகிறது. ஹாரன் சத்தம் இல்லை, புகை இல்லை. பாறைகளில் அலை மோதுகிற ஓசையும், சுண்டல் விற்கிற பையனின் குரலும், நடக்கிறவர்களின் செருப்புச் சத்தமும்தான். எழுதி எழுதிச் சலித்துப்போன நாட்களில் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவது வழக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, காந்தி சிலைக்குச் சற்றுத் தெற்கே, நானும் என் நண்பர் ஒருவரும் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தோம். நண்பர் ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். அதிகம் பேச மாட்டார். பேசினால் வருஷம் சொல்லாமல் பேச மாட்டார். நாங்கள் மௌனமாக இருந்து சுகம் கண்டுகொண்டிருந்த அந்த வேளையில் நடுத்தர வயதுள்ள ஒரு மனிதர் எங்களுக்கு நாலடி தள்ளி வந்து நின்றார். அவர் காதில் செல்போன் இருந்தது.

"அவன் கிடக்கான்! நான் சொல்றேன், நீ கையெழுத்துப் போடாதே!" என்று ஆரம்பித்தார்.

அடுத்த கால் மணி நேரத்தில் பல விஷயங்களை நாங்கள் தெரிந்துகொண்டோம். வில்லியனூர்ப் பக்கத்தில் அவருக்கு ஒரு மனை இருக்கிறது. அதன் விலை என்ன, அதற்கு மேல் அவர் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பதும் தெரிந்தது. அவருடைய மைத்துனர் நம்பத் தகுந்தவர் அல்ல. அவருக்குச் சர்க்கரை வியாதி. அன்று காலையில் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கும் எங்களுக்குக் கிடைத்தது. இடையில் ஒரு தடவை அவர் எங்கள் பக்கம் திரும்பினார். சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். மறுபடியும் மைத்துனரிடம் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்து போய்விடலாமா, இல்லை அவரிடமே சொல்லிவிடலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது நண்பர் மெல்லச் சிரித்தார்.

"இந்த ஊரிலே ஒரு காலத்திலே வீதியில் சத்தம் எழுப்புவதற்கு அந்தஸ்து வேண்டும் சார். கவர்னர் தயவு இருந்தால்தான் நடக்கும். இன்றைக்கு ஒரு செல்போன் இருந்தால் போதும்" என்றார்.

வாத்தியாரின் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகங்களை எடுத்துப் பிரித்தேன். இந்தக் கட்டுரை அன்றைய ஆத்திரத்தில் பிறந்ததுதான். ஆனால் ஆத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறிவிட்டது. அது எப்படி என்பதைச் சொல்லுகிறேன்.

*

வாத்தியார் சொன்ன காலம் ஆனந்தரங்கப் பிள்ளையின் காலம். 1709இல் பிறந்த பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷியாகவும் வியாபாரியாகவும் இருந்தவர். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆரம்பித்து, 1761 ஜனவரியில் தாம் கண்ணை மூடும் நாட்கள் வரையில், கண்டதையும் கேட்டதையும் தமிழில் தினப்படி எழுதிவைத்தார். கவர்னர் டூப்ளேயின் ஆட்சியைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் அந்தக் குறிப்பிடம் வந்துதான் தீர வேண்டும். அவருடைய பெயர் கொண்ட வீதியில் அவருடைய வீடு இன்னும் நிற்கிறது. கீழே மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்கள்.

அந்த நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் வேடிக்கையாகத் தோன்றும். பிள்ளை பீரங்கிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறார். கப்பல் துறைக்கு வந்தால் இத்தனை பீரங்கி. பெரிய மனிதர் ஒருவர் வந்தால் இத்தனை பீரங்கி. விருந்தில் ராஜாவின் பெயர் சொல்லி மது அருந்தினால் இத்தனை பீரங்கி. இதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் காலத்தில் இதில்தான் எல்லாம் இருந்தது. ஒருவருடைய மரியாதை எவ்வளவு என்பதை ஊர் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டு பீரங்கி குறைந்தால் இரண்டு படி இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

பீரங்கிக்கு அடுத்தபடி தமுக்கு. கம்பெனியின் உத்தரவுகளைத் தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள். அதற்கும் அடுத்தபடி மேளம். கனகராய முதலியார் 1746இல் இறந்த பிறகு தலைமைத் துபாஷி உத்தியோகம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தது. அவருக்குக் கிடைத்த கௌரவங்களில், வாத்திய முழக்கத்துடன் பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குச் செல்லலாம் என்பதும் ஒன்று. இந்தக் காலத்தில் சிவப்பு விளக்கு வைத்த மோட்டாருக்கு ஆசைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் சத்தத்துக்கு ஆசைப்பட்டார்கள். தெருவில் தன்னைச் சுற்றி ஓசை எழுப்பிக்கொண்டு போகிற உரிமை ஒரு மனிதனுக்கு மானியம் போல வழங்கப்பட்டது.

உரிமை என்று இருந்தால் சண்டையும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் புதுச்சேரியைக் குலுக்கிய சச்சரவுகளில் சத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வேதபுரீசுவரர் கோயிலும் சேசு சபைப் பாதிரிமார்களின் மாதா கோயிலும் அடுத்தடுத்து இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்தவர்களின் விசேஷ நாட்களிலும் சுவாமி ஊர்வலமும் மேளமும் கூடாது என்று பாதிரிமார்கள் கம்பெனியை நெருக்கினார்கள். ஊரார் அதற்குச் சண்டை போடவில்லை, மூட்டையைக் கட்டினார்கள். வியாபாரிகளும் நெசவுக்காரர்களும் ஊரைவிட்டே போய்விடுகிறோம் என்று கிளம்பினார்கள். நெசவுக்காரர் போய்விட்டால் கம்பெனிக்குத் துணி ஏது? துணி இல்லாவிட்டால் கப்பலில் எதை ஏற்றுவது? கவர்னர்கள் இறங்கி வரவேண்டியதாயிற்று. கடைசியில் 1748இல், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்ட சமயத்தில், அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. பின்னாளில் அது வேறு இடத்தில் மறுபடியும் எழும்பியது. அது பெரிய கதை. அதற்குக் காரணங்கள் பல. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: வீதியில் யார் சத்தம் போடலாம் என்ற கேள்விக்காக ஓர் ஊர் காலியாகிவிடும் போல இருந்த காலமும் உண்டு.

*

இதுவரை சொன்னது உரத்த குரலின் கதை. தாழ்ந்த குரலுக்கும் இந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது.

பிள்ளைக்கு ஒரு பாக்குக் கிடங்கு இருந்தது. கவர்னர் மாளிகையிலிருந்து திரும்பினால் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காருவார். வர்த்தகர்கள் வருவார்கள், வக்கீல்கள் வருவார்கள், ஆர்க்காட்டிலிருந்து சேதி கொண்டு ஆள் வருவான். நாட்குறிப்பில் பாதி விஷயங்கள் அந்தக் கிடங்கிலே காதில் விழுந்தவை. அங்கே யாரும் மேளம் கொட்டிப் பேசியிருக்க மாட்டார்கள். காரணம், டூப்ளேயின் மனைவி. அந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவள், தமிழ் தெரிந்தவள், சொந்தமாக ஒற்றர்களை வைத்துக்கொண்டிருந்தவள். அவளைப் பற்றிப் பிள்ளை எழுதியிருப்பதில் அன்பான வார்த்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சொல்ல முடியாததை அவர் எழுதினார். எழுதியதைப் பூட்டி வைத்தார். அவர் இறந்து 85 வருஷங்களுக்குப் பிறகு, 1846இல்தான் அந்தக் குறிப்பு வெளியார் கண்ணில் பட்டது.

பிள்ளையின் காலத்திலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது வருஷங்கள் தாண்டிப் பாருங்கள். 1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டில் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தார். அவர்களுக்குப் பின்னாலேயே ஆங்கில சர்க்காரின் ஒற்றர்களும் வந்து சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் ஒருவன், தபால் ஆபீஸில் ஒருவன், கடற்கரையில் ஒருவன் என்று நின்றார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில், ஆபத்தான காகிதங்கள் அடங்கிய ஜாடி ஒன்றைப் போட்டுவைத்து அவர்களை மாட்டிவிடக்கூடப் பார்த்தார்கள். தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் ஜாடி அகப்பட்டது. அவர்கள் முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீஸுக்குத் தெரிவித்ததால் தப்பினார்கள்.

அந்த நண்பர்கள் மாலையில் இதே கடற்கரைக்கு வந்து பேசியதுண்டு. பாரதியாரின் குரல் சன்னமான குரல் அல்ல. பாட வேண்டியபோது ஊர் கேட்கப் பாடியவர் அவர். ஆனாலும் சில பெயர்களையும் சில ஊர்களையும் சொல்லும்போது அவர்கூடத் தம்மைச் சுற்றி ஒரு தரம் பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆக, பழைய புதுச்சேரியில் குரலுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஊருக்கான விஷயத்தை ஊர் கேட்கச் சொன்னார்கள். அதற்குப் பீரங்கியும் தமுக்கும் இருந்தன. சொந்த விஷயத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அதற்குப் பாக்குக் கிடங்கு இருந்தது. சொந்த விஷயத்தைத் தமுக்குக் குரலில் வீதியில் நின்று பேசுவது என்பது புதிது. அது எங்கிருந்து வந்தது?

*

அது டெலிபோனோடு வந்தது என்று சொல்ல வேண்டும். கிரகாம் பெல் 1876இல் டெலிபோனைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டில் எடிசன் ஒரு கடிதத்தில், கூப்பிடுவதற்கு மணியே வேண்டியதில்லை, 'ஹலோ' என்று ஒரு குரல் கொடுத்தால் பத்திருபது அடி தூரத்துக்குக் கேட்கும் என்று எழுதினார். பெல்லுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை; அவர் கப்பல்காரர்கள் கூவுகிற 'அஹாய்' என்பதையே விரும்பினார். இரண்டில் எது ஜயித்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் இரண்டுமே கூவுகிற வார்த்தைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். டெலிபோன் பிறந்தபோதே கூச்சலோடுதான் பிறந்தது.

நம் நாட்டில் அந்தக் கூச்சலை வளர்த்தது டிரங்கால். இந்தப் பத்திரிகையின் மூத்த வாசகர்களுக்கு அது நினைவிருக்கும். எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று தினுசு. மின்னலுக்குக் கட்டணமும் மின்னல் மாதிரி. மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் பெண் குரல் புகுந்து, நேரம் ஆகிவிட்டது என்று எச்சரிக்கும். கோயம்புத்தூர் என்றால் கொஞ்சம் உரக்க, பம்பாய் என்றால் இன்னும் உரக்க, டில்லி என்றால் தொண்டை கிழியப் பேசினார்கள். குரல் கம்பி வழியாகப் போகிறது என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் தூரத்தைக் குரலால்தான் தாண்ட வேண்டும் என்று தொண்டை நினைத்துக்கொண்டது.

1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, எக்ஸ்சேஞ்சின் தயவு இல்லாமல் நேராகவே எண்ணைச் சுழற்றிப் பேசுகிற வசதி வந்தது. அது நாடெங்கும் பரவி, 1980களின் பிற்பகுதியில் மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடுகிற மீட்டர். இரவில் கட்டணம் குறையும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நிற்பார்கள்.

புதுச்சேரியில் அந்த வரிசைக்குத் தனி முகம் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஊர் மக்கள் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் ஒரு ஷரத்து. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள் அவர்களில் பலர். 'சொல்தா' என்று ஊரில் சொல்லுவார்கள். அப்படி ஒரு காகிதத்தில் போட்ட கையெழுத்தினால் ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனதுண்டு. பிள்ளைகள் பாரிஸுக்குப் போனார்கள். தாய்மார்கள் முத்தியாலுப்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் இருந்தார்கள். பூத்து வாசல் வரிசையில் நின்றவர்களில் அந்தத் தாய்மார்கள் எத்தனை பேர்! உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவார்கள். வெளியே நிற்கிற நமக்கு வாய் அசைவது தெரியும், கண் கலங்குவது தெரியும், வார்த்தை கேட்காது.

அந்தக் கண்ணாடிக் கதவை நான் இப்போது மிகுந்த மரியாதையோடு நினைத்துக்கொள்ளுகிறேன். அதுதான் நம்முடைய கடைசிப் பாக்குக் கிடங்கு.

*

1995 ஜூலை 31ஆம் தேதி, மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மந்திரி சுக்ராமுடன் செல்போனில் பேசினார். நம் நாட்டில் முதல் செல்போன் பேச்சு அதுதான். அப்போது பேசுகிறவருக்கும் காசு, கேட்கிறவருக்கும் காசு. ஆகையால் அந்த நாட்களில் செல்போன்காரர்கள் தந்தி பாஷையில் பேசினார்கள். வருகிற அழைப்புக்குக் காசு வேண்டாம் என்று 2003இல் ஆயிற்று. பிற்பாடு போகிற அழைப்புக்கும் தனிக் காசு இல்லை என்றாயிற்று. பேச்சுக்கு இருந்த கடிவாளம் அறுந்தது. கண்ணாடிக் கதவும் மீட்டரும் சேர்ந்து காணாமற் போய்விட்டன.

சரி, காசுதான் இல்லை, கத்துவது ஏன்? கருவி நன்றாகத்தானே வேலை செய்கிறது?

இதற்கு விடை தேடியவர்களில் முதல்வர் ஒரு பிரெஞ்சுக்காரர். எத்தியேன் லோம்பார் என்ற காது வைத்தியர். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் இரைச்சலை விட்டுப் பார்த்தார். நோயாளி தம்மையறியாமலே குரலை உயர்த்தினார். இரைச்சலை நிறுத்தியதும் குரல் தானாக இறங்கியது. 1911இல் இதை லோம்பார் வெளியிட்டார். தன் குரல் தனக்குக் கேட்காத மனிதன் கத்துகிறான் என்பதுதான் அதன் சாரம். வீட்டு டெலிபோனில் நாம் பேசுவது கொஞ்சம் நம் காதுக்கே திரும்பி வரும்படி வைத்திருந்தார்கள். பேசுகிறவன் தன்னைத் தானே கேட்டு அடக்கிக்கொள்ள அது உதவியது. பஸ் நிலையத்திலும் கடைவீதியிலும் அந்த மெல்லிய எதிரொலி இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. மனிதன் தன்னைக் கேட்கவில்லை, கத்துகிறான். பக்கத்தில் இருப்பவனும் அவனைத் தாண்டிக் கத்துகிறான்.

கேட்கிறவனுக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலைக்காரர்கள் 2010இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கவனம் வேண்டிய வேலை ஒன்றை மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, பின்னணியில் பேச்சை ஓடவிட்டார்கள். இரண்டு பேருடைய பேச்சும் முழுதாகக் கேட்டபோது வேலை கெடவில்லை. ஒருவர் பேச்சு மட்டும், மற்றவர் பதில் இல்லாமல், பாதி பாதியாகக் கேட்டபோதுதான் வேலை கெட்டது. கேட்காத பாதியை மனம் தானே இட்டு நிரப்பப் பார்க்கிறதாம்.

இதற்குப் பரிசோதனையே வேண்டியதில்லை, நானே சாட்சி. சில வருஷங்களுக்கு முன் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மரக்காணம் தாண்டியதும் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். தொடர்கதையின் முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டார். பஸ்ஸின் இரைச்சலில் நான் சொன்னேன்: "நீங்கள் கவலைப்படாதீர்கள். வியாழக்கிழமைக்குள் அவளைத் தீர்த்துக்கட்டிவிடுகிறேன். புருஷன்மேல் சந்தேகம் வராது. கிணறு வேண்டாம், பழைய முறை, விஷம்தான் நல்லது." பேசி முடித்துத் திரும்பினேன். பக்கத்து ஆசனத்தில் இருந்த அம்மாளைக் காணோம். இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். புதுச்சேரி வரும்வரை அந்த பஸ்ஸில் ஒருவரும் என் பக்கம் தூங்கவில்லை.

மனைக்காரரைப் பார்த்துக் கொதித்தேனே, அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

*

சட்டம் என்ன சொல்லுகிறது? 2000ஆம் ஆண்டின் விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது. 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு ஒலிபெருக்கிகளைப் பற்றிய வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பேசுவதற்கு உரிமை உண்டு. ஆனால் கேட்க விரும்பாதவனைப் பிடித்துவைத்துக் கேட்கச் செய்கிற உரிமை எவருக்கும் கிடையாது என்பது அதன் கருத்து. வாய்க்கு உள்ள உரிமையைப் போலக் காதுக்கும் ஓர் உரிமை உண்டு என்று சொன்ன அந்தத் தீர்ப்பை நான் மனமார வாழ்த்துகிறேன். 2022 ஜனவரியில் ரயில்வே இலாகா, இரவு 10 மணிக்கு மேல் வண்டியில் செல்போனில் உரக்கப் பேசக் கூடாது என்று உத்தரவிட்டது. ஜப்பானில் ரயிலில் செல்போனை ஓசை அடக்கி வைக்கும்படியும், பேச வேண்டாம் என்றும் பயணிகளைக் கேட்டுக்கொள்ளுகிறார்கள், அவர்களும் கேட்கிறார்கள்.

ஆனால் எந்த டெசிபல் கணக்கும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சுண்டல் பையன் இவரைவிட உரக்கத்தான் கூவுகிறான். கடல் அவனைவிட உரக்க இரைகிறது. அவை என்னைத் தொந்தரவு செய்யவில்லையே? பின்னே எது தொந்தரவு செய்தது?

இந்தக் கேள்வியோடு மறுபடியும் கடற்கரைக்குப் போனேன். இந்தத் தடவை வாத்தியார் வரவில்லை. 1938இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய யுத்த ஞாபகச் சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் உலக யுத்தத்தில் பிரான்சுக்காக உயிரைவிட்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பியது அது. ஏழு மணி இருக்கும். எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி வந்து பக்கத்தில் அமர்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த சிறு பையிலிருந்து செல்போனை எடுத்தாள். மறு கணம் கடற்கரை அதிர்ந்தது.

"சாப்பிட்டியா கண்ணு? ...என்னது? ...குளிருதா? கம்பளி போட்டுக்கோ! ...உங்க தாத்தா திவசம் வர்ற பன்னெண்டாந்தேதி. அப்பன் கிட்ட சொல்லு. மறந்துடுவான். ...இன்னும் ஒரு தரம் பேசு. ஆத்தான்னு சொல்லு. ...தமிழ்லே சொல்லுடா!"

அங்கே அப்போதுதான் மத்தியானம் தாண்டியிருக்கும். பேரப்பிள்ளைக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும் போல் இருக்கிறது. பாட்டி ஒரு வார்த்தைக்காகக் கெஞ்சினாள். அந்த வார்த்தை கிடைத்ததும் முகம் மலர்ந்தது. பேச்சு முடிந்தது. போனைப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"ரொம்பச் சத்தம் போட்டுட்டேனா ஐயா? பாரிஸுக்குப் பேசினேன். தூரமில்லே? கத்தாட்டி கேக்காதுன்னு கையும் வாயும் பழகிடுச்சு" என்றாள்.

"இல்லை அம்மா, நன்றாகப் பேசுங்கள்" என்றேன். மனத்தோடுதான் சொன்னேன்.

மனைக்காரரைவிட அவள் குரல் உயர்ந்ததே தவிர, தாழ்ந்ததல்ல. ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் காது இருக்கிறது என்று நினைத்தாள். மனைக்காரர் என்னைச் சுவராக நினைத்தார். அவருடைய சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடிந்திருக்கும். அவர் கணக்கில் நான் இல்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. டூப்ளேயின் பீரங்கிகூட நம்மைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் வெடித்தது. நாம் கேட்டுப் பயப்பட வேண்டும் என்பதற்காக வெடித்தது. பாக்குக் கிடங்கும் நம்மைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் கதவைச் சாத்தியது. பக்கத்தில் இருப்பவன் இல்லவே இல்லை என்று பேசிக்கொண்டு போக முடிந்தது இந்தக் காலத்தில்தான்.

கண்ணாடிக் கதவு திரும்பி வரப்போவதில்லை. செல்போன் செய்கிறவர்கள் அதற்கு ஒரு கதவு வைத்துக் கொடுக்கப் போவதும் இல்லை. கதவை நாமேதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பாட்டி செய்தது போல, பேசுவதற்கு முன்னாலோ பின்னாலோ, பக்கத்தில் இருப்பவரை ஒரு தரம் மனிதராகப் பார்த்தால் போதும். குரல் தானாக இறங்கிவிடும். இறங்காவிட்டாலும் கேட்கிறவர் பொறுத்துக்கொள்வார்.

இதை எண்ணிக்கொண்டே எழுந்து நடந்தேன். சட்டைப் பையில் என் செல்போன் அடித்தது. ஆசிரியர்தான், இந்தக் கட்டுரை எங்கே என்று கேட்பதற்கு. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஆள் இல்லாத பாறைகளின் பக்கமாக ஒதுங்கிப் போய், வாயருகே கையை மறைத்துக்கொண்டு, "நாளைக்கு" என்றேன்.

"கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள்!" என்றார் அவர்.